திரும்பி வந்தவர்களுக்கு முதற்பரிசு



1966-இல் தோன்றிய திருப்பூர் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியில் பயின்றவர்கள் நாங்கள். இவ்விழாவைப் பொங்கல் விடுமுறையில் நடத்துவதன் காரணம் யாவரும் அறிந்ததே. பனியன் கம்பெனிகள் மூடியிருக்கும் நாட்களில்தான் நம் பெற்றோர் கைதட்ட வரவியலும்.

நம் காலனிப் பிள்ளைகளைக் கல்லூரியினின்று இழுத்துச் செல்வது சனிக்கிழமைச் சம்பளமாகும். கைமடி வேலைக்குச் செல்பவருக்கும் அது வாரந்தோறும் கிடைக்கின்றது. கல்வி உதவித்தொகையோ பருவத் தேர்வு முடிந்த பின்னர் வருவதுமுண்டு. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கென 2022-இல் மாணவியர்க்கும், 2024-இல் மாணவர்க்கும் தொடங்கப்பெற்ற மாதம் 1000 ரூபாய்த் திட்டங்கள் பேருந்துச் செலவுக்கு உதவுகின்றன. வீட்டு வாடகைக்கு எட்டா.

அண்ணல் அம்பேத்கரும் படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தவரே. பரோடா மன்னரின் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் இலண்டனிலிருந்து திரும்பினார். பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பணத்தோடும் கடனோடும் 1920-இல் மீண்டும் கப்பலேறினார், 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். நம் மேடைகளில் அப்பட்டத்தைச் சொல்வார்கள். இடைப்பட்ட அந்த மூன்றாண்டுகளை விட்டுவிடுவார்கள்.

எனவே இம்முறை, தையல் மெஷினை விட்டுக் கல்லூரிக்குத் திரும்பிய மூவரை முதலில் மேடைக்கு அழைக்கின்றோம். மதிப்பெண்ணில் அவர்கள் பின்தங்கியவர்களே. முதல் வகுப்பில் தேறியவர்கள் பொறுத்தருள்க. உதவித்தொகை வரும்வரை தேர்வுக் கட்டணத்தை நாங்கள் முன்பணமாகத் தருவோம். விண்ணப்பம் வேண்டா. கம்பெனியில் சேருமுன் ஒரு நாள் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.