மூச்சு விடும் பானை

எங்கள் கோட்டக்குப்பத்தில் பொரித்த அப்பளத்தைத் தட்டில் வைத்துவிட்டு ஒரு வேலையாகப் போய்த் திரும்பினால் நமுத்துப் போயிருக்கும். கடற்காற்றின் ஈரம் அப்படி. இதே கடலோரத்தில், வறண்ட நிலத்துப் பாம்பைப் பழுதில்லாமல் வைத்துக் காக்கும் கைத்திறன் ஒன்று இருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், மாமல்லபுரம் தாண்டி வடநெம்மேலி. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான். பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சை எடுத்துக் கொடுக்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் வீடு மண்பானை. உள்ளே மணல், வாயில் பருத்தித் துணிக் கட்டு. அவ்வளவுதான்.

இவற்றில் சுருட்டை விரியன் மேட்டாங்காட்டுப் பாம்பு. நம் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு முழம்கூடத் தேறாது. பகலில் கல்லடியில் சுருண்டு கிடக்கும். சீறுவதற்குப் பதிலாக, அரம் போன்ற பக்கச் செதில்களைத் தேய்த்துச் சரசரக்கும். மூச்சோடு ஈரம் போகாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு என்பார்கள் பாம்பை ஆராய்ந்தவர்கள். இப்படி வறண்ட நிலத்துக்கு ஏற்ற பாம்பைக் கடலோரப் புழுக்கத்தில் மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் என்ன ஆகும்? டப்பா வேர்த்து, அடியில் ஈரம் தங்கி, வயிற்றுச் செதில் புண்ணாகிவிடும். அதற்காக ஒரேயடியாகக் காய விடவும் கூடாது. சட்டை முழுசாகக் கழலாமல் துண்டு துண்டாக ஒட்டும். கண்மேல் இருக்கும் மெல்லிய தோலும் சேர்ந்து கழல வேண்டும். அது தங்கிவிட்டால் பார்வை மங்கும்.

பானை இந்த இரண்டுக்கும் இடம் கொடுப்பதில்லை. சுட்ட மண்ணின் நுண்துளைகளும் துணியும் உள்ளே சேரும் ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன. பங்குனி வெயிலிலும் நிழலில் இருக்கும் பானையின் வயிற்றைத் தொட்டால் கைக்குக் குளுமை தெரியும். இந்தக் குளுமை முக்கியம், ஏனென்றால் பாம்புக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. சுற்றியிருக்கும் சூடுதான் அதன் சூடு. வெயிலில் கிடக்கும் தகர டப்பா கொஞ்ச நேரத்தில் அதைக் கொன்றுவிடும். வெப்பமானியும் ஈரமானியும் வைத்த கண்ணாடிப் பெட்டிகளையும் பார்த்திருக்கிறேன். நம் ஊர்க் காற்றுக்குப் பானைதான் மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

கேட்டுவிட்டு யாரும் வீட்டில் முயல வேண்டாம். நம் நாட்டுப் பாம்பை வளர்க்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இடம் தராது. சங்கத்தார் அரசு அனுமதியோடு செய்கிறார்கள். வாரம் ஒருமுறையாக நான்கு தடவை நஞ்சு எடுத்ததும் பாம்பைக் காட்டில் விட்டுவிட வேண்டும். பானைக்குப் பரீட்சை அங்கேதான். வயிற்றில் புண் இல்லாத சுருட்டை, மணலில் பக்கவாட்டாக நெளிந்து, அடுத்த கல்லடிக்குள் போய்விடும்.