வழுக்குவதும் தேய்வதும்



நான்-ஸ்டிக் தவாவில் கரண்டி உரசிய இடத்தைப் பார்த்திருப்பீர்கள். தோசை ஒட்டாது, ஆனால் பூச்சு உரிந்துவிடும். இங்கிலாந்தின் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி இதே பாடத்தை நோயாளிகளின் இடுப்பில் கற்றார்.

அன்று புழக்கத்தில் இருந்த அக்ரிலிக் செயற்கை இடுப்பு மூட்டுகளில் சில, நடந்தாலே கிரீச்சிட்டன. உராய்வுதான் எதிரி என்று முடிவுகட்டிய சார்ன்லி, திடப்பொருள்களில் மிக வழுக்கலானவற்றுள் ஒன்றான டெஃப்லானில் மூட்டின் கிண்ணத்தைச் செய்தார். லங்காஷயரின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1958 முதல் சுமார் 300 பேருக்கு அதைப் பொருத்தினார். வலி போயிற்று, எல்லோரும் நடந்தார்கள். ஆனால் மூன்று நான்கு ஆண்டுகளில், தொடையெலும்பின் தலைக்குப் பதிலாக வைத்த உலோகப் பந்து கிண்ணத்தைக் குடைந்து உள்ளே இறங்கியிருந்தது. உதிர்ந்த துகள்களைச் சுற்றித் திசு கட்டிகட்டியாகத் திரண்டு, எலும்பையே அரித்தது.

டெஃப்லானின் மூலக்கூறு இழைகள் வழவழப்பானவை, ஒன்றன்மேல் ஒன்று எளிதில் சறுக்குபவை. அதை வழுக்கவைப்பது எதுவோ அதுதான் படலம் படலமாக உதிரவும் வைக்கிறது. உராய்வு குறைந்தால் தேய்மானமும் குறையும் என்று இன்றும் என் மாணவர்கள் விடைத்தாளில் எழுதுகிறார்கள். மதிப்பெண் போட மனம் வருவதில்லை.

1962-இல் ஒரு விற்பனையாளர், நெசவுத்தறிப் பற்சக்கரங்களுக்கான பாலிஎத்திலீன் துண்டு ஒன்றை மருத்துவமனைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மூலக்கூறு எடை மிக அதிகமான வகை அது. சார்ன்லி கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பட்டறையைக் கவனித்துவந்த ஹாரி கிரேவனுக்கோ மனம் கேட்கவில்லை. தேய்மான இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்கு இது மூன்று வாரத்திலும் தேயவில்லை! நீண்ட இழைகள் ஒன்றோடொன்று சிக்குண்டு கிடப்பதால் எளிதில் பிரிந்து வருவதில்லை.  சார்ன்லி இரண்டு பொருள்களையும் தம் தொடையிலேயே புதைத்தும் பார்த்தார். டெஃப்லான் இருந்த இடம் முண்டுமுண்டாக வீங்கியது. பாலிஎத்திலீன் இருந்த இடம் விரலுக்கே தட்டுப்படவில்லை. 1962 நவம்பரில் புதிய கிண்ணம் புழக்கத்துக்கு வந்தது.

பந்தின் அளவையும் அவர் விட்டுவைக்கவில்லை. நாற்பது மில்லிமீட்டரைத் தாண்டிய பந்தை 22.225 மில்லிமீட்டராகச் சுருக்கினார். கணக்கு எளிது. பந்து ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் உள்ளிறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சிறு பந்து உதிர்ப்பது சுமார் 39 கன மில்லிமீட்டர். அதுவே 32 மில்லிமீட்டர் பந்தானால் 80. உடலை வருத்துவது தேய்ந்த ஆழத்தைவிட, உதிர்ந்த துகளின் அளவுதான். சிறிய பந்து எளிதில் நழுவிவிடும் என்ற ஆபத்தைத் தெரிந்தேதான் ஏற்றார்.

இன்றைய பாலிஎத்திலீனின் இழைகளைக் கதிர்வீச்சால் குறுக்கிணைத்துத் தேய்மானத்தை வெகுவாகக் குறைக்கிறார்கள். அதற்கும் விலை உண்டு. இணைப்பு கூடக்கூட விரிசலைத் தாங்கும் வலு குறைகிறது. அதனால் எளிதில் நழுவாத பெரிய பந்துக்கு இடம் விட்டுக் கிண்ணத்தை மெல்லியதாகக் கடையும்போது, பொறியாளர் முதலில் கவலைப்படுவது அதன் விளிம்பைப் பற்றித்தான்.