தீனபந்து ஆண்ட்ரூஸ்: நம்பிக்கையும் சாட்சியமும்

(புதுதில்லி சரோஜினி நகரில் நடைபெற்ற வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இந்தச் சரோஜினி நகரிலிருந்து வட்டச்சாலை வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் சிறிது நேரத்தில் ஆண்ட்ரூஸ் கஞ்ச் வந்துவிடும். இப்பகுதிக்குப் பெயர் தந்த சரோஜினி நாயுடுவை அனைவரும் அறிவோம். ஆண்ட்ரூஸ் யார் என்று இளந்தோழர்கள் சிலரைக் கேட்டேன். யாரேனும் வெள்ளைக்கார அதிகாரியாக இருக்கலாம் என்றார்கள். அவர் அதிகாரி அல்லர். அதிகாரத்தைக் கேள்வி கேட்ட பாதிரியார்.

சார்லஸ் பிரீர் ஆண்ட்ரூஸ் 1871இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்ற காலத்தில் அவர் எழுதிப் பரிசு பெற்ற கட்டுரை, மூலதனத்திற்கும் உழைப்பிற்கும் இடையிலான மோதலில் கிறித்துவத்தின் நிலை என்ன என்பதை ஆராய்ந்தது. சண்டர்லாந்தின் கப்பல் கட்டும் தொழிலாளரிடையேயும் தென் லண்டனின் ஏழைகளிடையேயும் பணியாற்றிய பின், 1904இல் தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். முதல்வர் பதவி ஆங்கிலேயருக்கே உரியது என்ற வழக்கத்தை எதிர்த்து, நண்பர் சுசில் குமார் ருத்ராவுக்காக வாதாடினார். 1906இல் ருத்ரா அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார்.

1914 ஜனவரியில் கோகலேயின் வேண்டுகோளை ஏற்று டர்பன் துறைமுகத்தில் இறங்கிய ஆண்ட்ரூஸ், காந்தியின் பாதங்களைத் தொட்டு வணங்கினார். அங்கிருந்த வெள்ளையர் கொதித்தெழுந்தனர். நேட்டாலில் அவர் கண்டவற்றுள் ஒன்று, தப்பியோடி வந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் முதுகில் இருந்த அடித்தழும்பு. மறு ஆண்டு நோயுற்றுத் தேறிவந்தபோது அத்தொழிலாளியின் முகம் அவர் கண்முன் தோன்றியது. பார்த்திருக்கையிலேயே அது கிறிஸ்துவின் முகமாக மாறியது என்று பின்னர் அவரே எழுதினார்.

இத்தகைய அனுபூதிக்குப் பின் துறவு பூண்டு ஒதுங்கியவர் பலர். ஆண்ட்ரூஸ் கப்பலேறினார். 1915இல் நண்பர் பியர்சனுடன் பிஜித் தீவை அடைந்து, கரும்புத் தோட்டங்களின் குடியிருப்பு வரிசைகளில் நடந்து, தொழிலாளரிடம் நேரில் விசாரித்தார். 1879 முதல் 1916 வரை 60,000க்கும் மேற்பட்ட இந்தியர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. அங்குள்ள பெண்களின் துயரைப் பாரதி பாடியதை நாம் அறிவோம்.

மொழிபெயர்ப்பையே பணியாகக் கொண்ட என்னை, 1916இல் வெளியான அவ்விருவரின் அறிக்கையில் ஒரு செய்தி உலுக்கியது. ஒப்பந்தத் தாளில் தினக்கூலி எழுதப்பட்டிருந்தது. வேலைக்கு வராமை குற்றம், அதற்குச் சிறைத்தண்டனை உண்டு என்பது தெளிவாகச் சொல்லப்படவில்லை. தமிழில் கூலி என்பது உழைப்பிற்குரிய ஊதியம். ஏகாதிபத்தியத்தின் ஏடுகளிலோ அது மனிதருக்கே பெயராயிற்று. ஊதியம் சுருங்கியது, இழிசொல் நிலைத்தது.

அறிக்கை வெளிவந்ததும் இந்தியாவெங்கும் எழுந்த கிளர்ச்சி வலுப்பெற்றது. 1917இல் ஆள்சேர்ப்பு நின்றது. 1920 ஜனவரி 1 அன்று பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் முடிவுக்கு வந்தன. தனியொருவரின் சாதனையன்று இது. ஆயினும் மறுக்கவியலாத சாட்சியத்தை அந்தக் கிளர்ச்சியின் கையில் கொடுத்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

அவரது எல்லையையும் நாம் காணவேண்டும். 1921இல் அசாம் தேயிலைத் தோட்டங்களைத் துறந்து ஊர் திரும்பிய தொழிலாளர் சாந்த்பூரில் தடுத்து நிறுத்தப்பட்டுக் கூர்க்காப் படையால் தாக்கப்பட்டனர். காலராவும் பரவியது. ஆண்ட்ரூஸ் விரைந்து சென்று நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். அவர்களை ஊருக்கு அனுப்ப உதவுமாறு அரசிடம் மன்றாடினார். அரசு செவிசாய்க்கவில்லை. ரயில்வே தொழிலாளரும் நீராவிப் படகுத் தொழிலாளருமோ வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆள்வோரின் மனச்சாட்சியை அவர் நம்பினார். வர்க்கத்திற்கு மனச்சாட்சி கிடையாது, நலன்தான் உண்டு என்பது நம் பார்வை. எனினும் காங்கிரஸ் 1929இல் முழுவிடுதலைத் தீர்மானம் நிறைவேற்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இந்தியாவுக்கு உடனடியாக விடுதலை தேவை என்று எழுதியவர் இந்த ஆங்கிலேயர். 1918இல் காந்தி போருக்கு ஆள்சேர்த்தபோது அவரிடமே முரண்பட்டவரும் இவர்தான்.

மதத்தை மார்க்ஸ் வெறும் ஏமாற்று என்று ஒதுக்கவில்லை. துன்பத்தின் வெளிப்பாடும் அதற்கெதிரான எதிர்ப்பும் அதில் உண்டு எனக் கண்டார். திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக உழைத்து, 2021 ஜூலை 5 அன்று 84ஆம் வயதில் விசாரணைக் கைதியாகவே உயிர்நீத்த ஸ்டான் சுவாமி அம்மரபின் அண்மைச் சாட்சி. இத்தகையோரை அவர்தம் நம்பிக்கைக்காக விலக்கினால் இழப்பு நமக்கே.

1940 ஏப்ரல் 5 அன்று கல்கத்தாவில் ஆண்ட்ரூஸ் மறைந்தார். தீனபந்து, அதாவது எளியோரின் உறவினர் என்று மக்கள் அவரை அழைத்தனர். இன்று தமிழ்நாட்டின் ஆலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் இந்தி பேசும் தொழிலாளர் தமக்குப் புரியாத தாள்களில் கைநாட்டு வைக்கின்றனர். இரு மொழியும் அறிந்த தில்லித் தமிழர் நாம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு நாளேனும் அங்குள்ள தொழிற்சங்க அலுவலகத்திற்குச் சென்று, அத்தாளில் எழுதியிருப்பதையும் எழுதாமல் விட்டதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம்.