பகடை உருளும் வேளை

ஒரு மேசையைச் சூழ நான்கைந்து பேர் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் முன்னே சில தாள்களும் பென்சில்களும் பல முகங்கள் கொண்ட பகடைகளும் உள்ளன. ஒருவர் கதை நிகழும் களத்தை எடுத்துரைக்கின்றார், அவரே நடுவர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் செய்வது இன்னதென்று கூறுகின்றனர். “பூட்டிய கதவை என் கள்வன் திறக்க முயல்கின்றான்” என்கின்றார் ஒருவர். கதவு திறந்ததா, இல்லையா? நடுவர் தாமே விடை கூறிவிடலாம். “பகடையை உருட்டுங்கள்” என்று பணிக்கவும் செய்யலாம். இவ்விரண்டுள் எதனை எவ்வேளையிற் செய்வது? பாத்திரமேற்று ஆடும் இவ்விளையாட்டின் சுவையும் நேர்மையும் பெரும்பாலும் இவ்வொரு வினாவிலேயே தங்கியுள்ளன.

இவ்வினா இவ்விளையாட்டினும் மூத்தது. 1824ஆம் ஆண்டிலே, பிரஷ்ய நாட்டுப் பீரங்கிப்படை அதிகாரியான வொன் ரைஸ்விட்ஸ் என்பார், தம் தந்தையார் அமைத்த போர் விளையாட்டொன்றைத் திருத்தி விதிநூலாக வெளியிட்டார். இரு கட்சியினரும் தத்தம் ஆணைகளை நடுவரிடம் கொடுப்பர். நடுவர் நிலப்படத்தின் மீது படைகளை நகர்த்துவார். மோதலின் விளைவைப் பகடையும் அட்டவணையும் காட்டும். ஒரே ஆணை ஒருநாள் வெற்றியையும் மறுநாள் தோல்வியையும் தருவது போர்க்களத்தின் இயல்பு. அந்த நிச்சயமின்மையை இளம் அதிகாரிகளுக்கு உணர்த்தவே பகடை அங்கே புகுந்தது.

ஆயின், விதிகளைப் புரட்டுவதும் கணக்குப் பார்ப்பதும் ஆட்டத்தைத் தளரச் செய்தன. 1876இல் அந்நாட்டின் மற்றோர் இராணுவ அதிகாரியான வொன் வேர்டி டு வெர்னுவா, பகடையையும் அட்டவணையையும் ஒதுக்கிவிட்டு, அனுபவம் மிக்க நடுவரின் தீர்ப்பையே துணையாகக் கொள்ளும் முறையை நூலாக எழுதினார். ஆகவே பகடையா, நடுவரின் அறிவா என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. பின்னர் 1974இல் ஐக்கிய அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். இருவரும் போர் விளையாட்டுக்களில் ஊறியவர்கள். அவர்கள் வகுத்த ஆட்டத்திலே நடுவரும் இருந்தார், பகடையும் இருந்தது. வழக்கும் கூடவே வந்து சேர்ந்தது.

இவ்வழக்கைத் தீர்க்க நடுவர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளல் வேண்டும். முதலாவது, முடிவு உண்மையிலே ஐயத்துக்குரியதா? கள்வன் தன் தொழிலிலே தேர்ந்தவன். கையிற் கருவி உண்டு. இரவு முழுவதும் பொழுதும் உண்டு. அவ்வாறாயின் கதவு திறந்தது என்று கூறிவிடலே முறை. மனிதராற் பாயவியலாத பெரும் பள்ளத்தை ஒருவன் பாய நினைத்தால், அங்கும் பகடைக்கு வேலையில்லை. இயலாது என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடல் வேண்டும்.

இரண்டாவது, தோல்வியினால் ஏதேனும் விளையுமா? கதவு திறவாவிடின் மீண்டும் முயலலாம், அப்பொழுதும் திறவாவிடின் இன்னொரு முறை முயலலாம் என்றால், அங்கே பகடை பொழுதை விழுங்குவதன்றி வேறு பயன் செய்யாது. ஆயின் தாழ்வாரத்திலே காவலரின் காலடியோசை கேட்கின்றது என வைத்துக்கொள்வோம். இப்பொழுது ஒவ்வொரு கணமும் விலைமதிப்புடையது. அதே கதவு, அதே பூட்டு. எனினும் பகடைக்குரிய வேளை வந்துவிட்டது.

மூன்றாவது, வரக்கூடிய இரு முடிவுகளையும் கதை தாங்குமா? கொலையைத் துப்பறியும் கதையிலே, ஒரு கடிதம் கிடைத்தாலன்றி மேற்செல்ல வழியில்லை என்று கொள்வோம். அக்கடிதத்தைப் பகடையின் பின்னே ஒளித்துவைத்தால், ஓர் எண் பிழைத்ததும் கதை முழுவதும் நின்றுவிடும். கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டும். அதைத் தேடுகையிற் கையும் களவுமாக அகப்படுவார்களா என்பதற்கே பகடையை உருட்ட வேண்டும்.

பகடையை அளவுக்கு மிஞ்சி உருட்டுவதில் மற்றுமொரு தீங்குண்டு. இருபது முகப் பகடையிலே பதினொன்றோ அதற்கு மேலோ விழுந்தால் வெற்றி என்போம். வாய்ப்புச் சரிபாதி. ஒருவன் காவலரை ஏமாற்றி முற்றத்தைக் கடக்க வேண்டும். வாயிலில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, படியில் ஒரு முறை என மூன்று தடவை உருட்டச் செய்து, மூன்றிலும் வெல்ல வேண்டுமென்றால், அவனுக்குள்ள வாய்ப்பு எட்டில் ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றது. நடுவருக்குத் தீய நோக்கம் ஏதுமில்லை. ஆயினும் அவன் தோற்கும்வரை கேட்டதற்கே அது ஒப்பாகும்.

அங்ஙனமாயின் பகடையை முற்றாக ஒதுக்கிவிடலாமே என்று சிலர் வினவலாம். பகடையே இன்றி ஆடும் ‘ஆம்பர்’ என்னும் விளையாட்டு 1991இல் வெளிவந்ததும் உண்டு. எனினும் மேசையைச் சூழ இருப்போரைச் சற்று உற்று நோக்குங்கள். ஒருவர் நாவன்மை உடையவர். நடுவரின் நெடுநாள் நண்பர். இன்னொருவர் கூச்ச சுபாவம் உடையவர், புதிதாக வந்தவர். தீர்ப்பு யாவும் நடுவரின் மனத்திலேயே எழுமாயின், பேச வல்லவர் எப்பொழுதும் வெல்வார். பேசாதவர் மெல்ல மெல்ல ஒதுங்கிவிடுவார். பகடைக்கு நண்பர் இல்லை, பகைவரும் இல்லை. நடுவர் தம்மையறியாமற் காட்டும் ஓரவஞ்சனைக்கு அதுவே கடிவாளம்.

ஆகையினாலே, உருட்டுவதற்கு முன் பணயம் இன்னதென்று சொல்லிவிட வேண்டும். “வென்றால் கதவு திறக்கும், தோற்றால் காவலர் வந்துவிடுவர்” என்று கூறிய பின் விழும் எண்ணை யாவரும் ஏற்பர். விழுந்த எண் பிடிக்காமல் அதைக் கையால் மறைத்து மாற்றிக் கூறும் நடுவர், அந்த வேளையிற் பகடையை அழைத்திருக்கவே கூடாது. ஒருமுறை அச்செயல் வெளிப்பட்டுவிடின், பின்னர் வரும் வெற்றியும் வெற்றியாகத் தோன்றாது.

பாரதக் கதையிலே சகுனியின் பகடையைப் பழிப்போர் பலர். ஆனால் அது உருளுமுன்னரே ஒரு பிழை நிகழ்ந்துவிட்டது. பணயமாக வைக்கத் தகாதவற்றைத் தருமன் பணயமாக வைத்தான். எதைப் பகடையிடம் விடலாம், எதை விடலாகாது என்று தெளிவதே நடுவரின் முதற் கடமை. அத்தெளிவு பிறந்த பின், பகடை எப்படி விழுந்தாலும் மேசையைச் சூழ்ந்திருப்போர் முகம் கோணாமல் அடுத்த கதவை நோக்கி நடப்பர்.