சிற்றுயிரும் சிறுவர் படநூலும்



பெர்மாஸ் ஜெயாவில் யாம் வாழும் வரிசை வீட்டின் முன்புறம் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியும் ஒரு செம்பருத்திச் செடியும் உள்ளன. ஒரு நாள் மழை ஓய்ந்தபின் மரவட்டை ஒன்று வாயிற்படியை நோக்கி ஊர்ந்து வந்தது. பாலர் பள்ளியில் பயிலும் எம் பேரன், “தாத்தா, பூச்சி! பூச்சி!” என்று அலறினான். முப்பது ஆண்டுகள் தொல்காப்பியம் கற்பித்த யாம் செய்தது என்ன? செருப்பைத் தேடினோம்.

பின்னர் அவன் சொன்ன அந்த ஒரு சொல் எம்மை உறுத்தியது. மரவட்டை, பூரான், நத்தை, சிலந்தி, மண்புழு அனைத்தையும் நம் பிள்ளைகள் ‘பூச்சி’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். உறங்க மறுக்கும் குழந்தையை அச்சுறுத்தவும் நாம் அச்சொல்லையே எடுத்தாளுகிறோம். பெயர் பொதுவாகும்போது அச்சமும் பொதுவாகிவிடுகிறது.

தமிழ் மரபு இவ்வுயிர்களை ஒரே குவியலாகக் காணவில்லை. தொல்காப்பிய மரபியல், நத்தையினத்தை ஈரறிவுயிராகவும், கறையானையும் எறும்பையும் மூவறிவுயிராகவும், நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிராகவும் வகுத்தது. இன்றைய உயிரியல் வேறு வகையில் பகுக்கலாம். எனினும், குனிந்து உற்றுநோக்கியவர்களின் பகுப்பு அது. 1881இல் சார்ல்ஸ் டார்வின் மண்புழுக்களின் செயலைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். பத்தாண்டுகள் கழித்து, 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தில், சுந்தரம் பிள்ளை நடராசன் என்னும் பாத்திரத்தை நாங்கூழ்ப் புழுவோடு பேச வைத்தார். மண்ணைப் பதப்படுத்தும் அதன் ஓயாத உழைப்பை அப்பாத்திரம் போற்றுகிறது.

ஐந்து வயதுப் பிள்ளை இவற்றைப் படிக்க இயலாது. அங்கேதான் படநூல் வேண்டப்படுகிறது. எரிக் கார்ல் 1969இல் படைத்த, பசி அடங்காத புழுவின் கதை உலகறிந்தது. புழுவின் பசியில் குழந்தை தன் பசியைக் காண்கிறது. ஆயினும் அப்புழு இறுதியில் வண்ணத்துப்பூச்சியாகிவிடுகிறது. வந்த அழகுக்காக முன்னைய உருவத்தை நாம் பொறுத்துக்கொள்கிறோம். மரவட்டையோ முதிர்ந்தாலும் மரவட்டைதான், நத்தையும் நத்தைதான். அழகாக மாறாத உயிரையும் உள்ளவாறே மதிக்கச் செய்யும் நூல்கள் நமக்கு மிகுதியாக வேண்டும்.

அந்நூல்களில் படம் உண்மையாக இருத்தல் வேண்டும். மரவட்டையின் உடற்கண்டங்களுள் பெரும்பாலானவற்றில் இரண்டு இணைக் கால்கள் உள்ளன. பூரானுக்குக் கண்டத்திற்கு ஓர் இணையே. மரவட்டை மட்கும் இலைகளைத் தின்று மண்ணை வளப்படுத்துகிறது. பூரான் நஞ்சால் இரையை வீழ்த்துவது. இரண்டுக்கும் ஒரேவகைப் புன்னகை முகம் வரைந்துவிட்டால், குழந்தை தொடக்கூடாததையும் தொடும். அச்சத்தை நீக்குதல் வேறு; எச்சரிக்கையை நீக்குதல் வேறு. நோய்ப்புழுக்களைத் தாங்கக்கூடிய நத்தையையும் வெறுங்கையால் தொடலாகாது. கண்ணால் காண்பதே போதும்.

ஆசிரியர்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்று உண்டு. மழை விட்டதும் மாணவரைப் பள்ளி வேலியோரம் அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொருவரும் ஓர் உயிரைப் பார்த்து வரையட்டும். அதன் பெயரை வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதட்டும். தாள்களை ஒன்றாகத் தைத்தால் வகுப்பிற்கு ஒரு படநூல் கிடைத்துவிடும். மலேசியத் தமிழருக்குத் ‘தோட்டம்’ என்றால் பூச்செடிகள் மட்டுமல்ல. இரப்பர்க் காடும் அதுவே. அங்கு வாழ்ந்தோர் பலருக்கு இப்பெயர்கள் தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

யாமும் பேரனும் நான்கு தாள்களில் ஒரு மரவட்டை நூல் செய்தோம். கால்களை எண்ணி வரைவதற்குள் அவன் இருமுறை அழித்துவிட்டான். இப்போது மழை விட்டால் எமக்கு முன்பே வாயிலுக்குச் சென்று குனிந்து பார்க்கிறான்.