பிள்ளையின் காய்ச்சலும் பெற்றோரின் அமானிதமும்



பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமானவற்றுடன் கலக்கக் கூடாது என நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. ஒட்டகத்திற்கே இந்த ஒழுங்கு என்றால், வகுப்பறையில் நெருங்கி அமரும் பிள்ளைகளுக்கு எத்துணை அவசியம்!

தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீடுகளில், காய்ச்சலுற்ற பிள்ளைக்குப் பாராசிட்டமால் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறோம். நானும் ஒருமுறை அவ்வாறு செய்தேன். மருந்தின் வேகம் சில மணி நேரம்தானே! நண்பகலில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பெஞ்சில் சுருண்டு கிடந்த மகனைத் தூக்கி வந்தபோது வெட்கித் தலைகுனிந்தேன்.

ஆகவே, மருந்தின்றிக் காய்ச்சல் தணிந்து 24 மணி நேரம் கழியட்டும். சின்னம்மையெனில் கொப்புளங்கள் யாவும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரையிலும், தட்டம்மையெனில் தடிப்பு தோன்றிய பின் 4 நாட்களும் வீட்டில் வைத்திருங்கள். சாதாரண மூக்கொழுகலுக்காகக் கல்வியைத் தடுக்க வேண்டியதில்லை.

தந்தையரே! விடுப்பெடுப்பது தாய்மார்களின் கடமை மட்டுமன்று, முறைவைத்துக் கொள்ளுங்கள். முதலாளிமார்களே! அந்த ஒருநாள் கூலியைப் பிடிக்காதீர்கள்; ஏழைக்கு அது உலை வைக்கும் பணம்.

நம் பிள்ளைகளோடு பிறர் பிள்ளைகளையும் காப்பவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.