பலகையைச் சுற்றி நிற்பவர்கள்



நம் தஞ்சோங் கிளிங் கடற்கரைக்கு எதிரே இருப்பது மலாக்கா நீரிணை. அந்த நீர்வழியே வடமேற்காகப் போய் வங்கக் கடலைத் தாண்டினால் தமிழ்நாட்டுக் கரை. அங்கே, சென்னைக்குத் தெற்கே, கற்கோயில்களுக்குப் பேர்போன மாமல்லபுரம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் அந்த ஊரில் நடந்தது. 186 நாடுகள் கலந்துகொண்டன. நம் மலேசியாவும் போயிருந்தது. வென்றவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. ஆட்டம் நடப்பதற்குப் பின்னால் இருக்கும் வேலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அந்தப் போட்டி ரஷ்யாவில் நடப்பதாக இருந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரேன் மீது போர் மூண்டதும் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். மார்ச்சு மாதம் இந்தியாவுக்குக் கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் ஆயத்தம் செய்ய வேண்டிய காரியத்தை நாலரை மாதத்துக்குள் முடித்தாக வேண்டும்.

எவ்வளவு பெரிய காரியம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162 அணிகள். இரண்டும் சேர்ந்து 350. ஒரு சுற்றில் 175 மோதல்கள். மோதலுக்கு நான்கு பலகை. ஆக, ஒரே நேரத்தில் 700 பலகைகள், 700 கடிகாரங்கள், 1,400 நாற்காலிகள். இதற்காகவே முதல் ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு ஒரு வெள்ளோட்டப் போட்டி வைத்து, பலகைகளையும் கருவிகளையும் சோதித்தார்கள். கல்யாண வீட்டில் பந்தி போடுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் ஓர் அணிக்கு எதிராளி இருக்காது. அதனால்தான் விருந்தளிக்கும் நாடு கூடுதல் அணி இறக்குகிறது. இந்தியாவுக்கு மூன்று அணிகள் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தோற்ற அணியை வீட்டுக்கு அனுப்புகிற வழக்கமும் இங்கே இல்லை. ஏறக்குறைய சமமான புள்ளி எடுத்தவர்களை ஒருவரோடொருவர் மோத விடுவார்கள். சின்னஞ்சிறு தீவு நாடானாலும் பதினொரு சுற்றும் ஆடித்தான் போகும்.

இனி அணித் தலைவருடைய வேலை. தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்றவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஓர் அணியில் ஐந்து பேர். ஆடுவது நான்கு பேர். அன்றன்று யாரை உட்கார வைப்பது, யாரை நிறுத்துவது என்று குறித்த நேரத்துக்குள் தலைவர் பட்டியல் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கத் தவறினால் முதல் நான்கு பேரே ஆட வேண்டியதுதான். வரிசையையும் மாற்ற முடியாது. நேற்று நன்றாக ஆடியவனை இன்று நிறுத்துவது லேசான காரியமா? அவனுக்கு உடம்பு சரியில்லையா, எதிராளியிடம் முன்பு தோற்றவனா, எல்லாம் பார்க்க வேண்டும்.

இந்தியப் பெண்கள் அணியில் துரோணவல்லி ஹரிகா ஒன்பது மாதக் கர்ப்பிணியாக இருந்தார். எல்லாச் சுற்றிலும் அவர் ஆடவில்லை. அவர் ஓய்வெடுத்தபோது மற்ற நால்வரும் தாங்கினார்கள். அந்த அணி வெண்கலம் வென்றது. பதக்கம் வாங்கிய அதே மாதத்தில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது.

ஆட்டம் தொடங்கிவிட்டால் தலைவரின் வாய் கட்டப்பட்டதுபோலத்தான். சமநிலை கேட்கலாம், ஏற்கலாம், விட்டுக்கொடுக்கலாம் என்று மட்டும் சொல்லலாம். காய்களின் நிலையைப் பற்றி ஒரு சொல் சொல்லக்கூடாது. கைத்தொலைபேசியையும் உள்ளே விடமாட்டார்கள்.

பத்தாவது சுற்றில் இந்தியாவின் இரண்டாம் அணி உஸ்பெகிஸ்தானோடு மோதியது. முதல் பலகையில் 16 வயது குகேஷ். முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றிருந்த பையன். அன்று வெற்றி கைக்கெட்டிய நிலையில் ஒரு நகர்வு தவறிப் போய் அப்துசத்தோரோவிடம் தோற்றார். அணித் தலைவர் ஆர். பி. ரமேஷ் பல இளைஞர்களை உருவாக்கிய ஆசிரியர். அவரே ஆனாலும் எச்சரிக்க முடியாது. மோதல் 2-2 என முடிந்தது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, வெண்கலம் இந்தியாவின் இரண்டாம் அணிக்கு. அதே குகேஷ் 2024 டிசம்பரில், நமக்குப் பக்கத்துச் சிங்கப்பூரில், உலக வெற்றியாளர் ஆனார்.

நம் நாட்டுக்கும் இந்த வகைப் போட்டி புதிதல்ல. ஆசிய நாடுகளின் முதல் குழுச் சதுரங்கப் போட்டி 1974இல் பினாங்கில்தான் நடந்தது.

கடைசியாக ஒரு சங்கதி. ஆட்டம் முடிந்ததும் இருவரும் கைகுலுக்கிவிட்டு, இரண்டு ராஜாக்களையும் பலகையின் நடுவில் உள்ள நான்கு கட்டங்களில் வைப்பார்கள். வெள்ளை வென்றால் இரண்டும் வெள்ளைக் கட்டத்தில். கறுப்பு வென்றால் கறுப்புக் கட்டத்தில். சமநிலை என்றால் ஒன்று வெள்ளையில், ஒன்று கறுப்பில். நடுவர் தூரத்திலிருந்தே முடிவைத் தெரிந்துகொள்வார். மண்டபத்திலோ பள்ளியிலோ பிள்ளைகளுக்கு நான்கு பலகை போட்டு ஆட விடுகிறவர்கள் இந்த வழக்கத்தை அவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். முடிவைப் பற்றிய சச்சரவு பாதி குறையும்.